ஃபார்மட் அடிக்கும் முன் படங்களை வெளியே எடுங்கள்

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியை நான். என்னிடம் ஆறு வருடப் பழைய லேப்டாப் ஒன்று இருக்கிறது, விண்டோஸ் 10. கடிதம் எழுத, வங்கிக் கணக்கு பார்க்க, வெளிநாட்டில் இருக்கும் மகன் அனுப்பும் படங்களைச் சேர்த்து வைக்க அதைத்தான் பயன்படுத்துகிறேன். சில வாரங்களாக அது ஆன் ஆவதற்கே பத்து நிமிடம் ஆகிறது. படங்கள் இருக்கும் ஃபோல்டரைத் திறந்தால் அப்படியே உறைந்து நிற்கிறது. அப்போது உள்ளேயிருந்து ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம். வீடியோ பார்த்து இரண்டு கிளீனர் மென்பொருள்களைப் போட்டேன், இன்னும் மோசமாகிவிட்டது. போன வாரம், ‘வைரஸ் இருக்கிறது, உடனே இந்த எண்ணை அழையுங்கள்’ என்று திரை முழுக்க ஓர் எச்சரிக்கை வந்தது. அழைத்தேன். பேசியவர் ஏதோ ஒரு மென்பொருளைப் போடச் சொல்லி, அதன் வழியாக உள்ளே வந்து, வரிசையாகச் சிவப்பு அடையாளங்களைக் காட்டிப் பணம் கட்டச் சொன்னார். பயந்துபோய் இணைப்பைத் துண்டித்துவிட்டேன். ‘ஃபார்மட் அடித்தால் எல்லாம் சரியாகிவிடும்’ என்கிறார் தெரிந்தவர் ஒருவர். பேரப்பிள்ளைகளின் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. நானே ஏதாவது செய்ய முடியுமா, இல்லை யாரிடமாவது கொடுக்க வேண்டுமா?

பதில்: அம்மா, ஃபார்மட் மட்டும் இப்போது வேண்டாம். டிஸ்கில் இருப்பதை அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவதுதான் அது, படங்களும் சேர்ந்து போய்விடும். சொன்னவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். விண்டோஸ் கெட்டுப்போயிருந்தால் ஃபார்மட் கைகொடுக்கவும் செய்யும். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் அந்த ‘டிக் டிக்’ விண்டோஸிலிருந்து வருவது இல்லை.

உங்கள் லேப்டாப்பில் இருப்பது சுழலும் ஹார்டு டிஸ்க். உள்ளே இருக்கும் தட்டு நிமிடத்துக்குப் பெரும்பாலும் 5,400 முறை சுற்றுகிறது. அதன் மேல், தொட்டும் தொடாத உயரத்தில், ஒரு முனை முன்னும் பின்னும் நகர்ந்து படிக்கிறது. ஓர் இடத்தைப் படிக்க முடியாமல் போனால் அது பின்வாங்கி மறுபடி முயலும், மறுபடி முயலும். அந்த முயற்சிதான் உங்கள் காதில் விழுகிறது. டிஸ்க் பதில் தரும்வரை விண்டோஸ் காத்துக்கிடக்கிறது, அதனால்தான் திரை உறைகிறது. காற்றாடியில் ஏதாவது உரசினாலும் சத்தம் வரும்தான். ஆனால் அது ஃபோல்டரைத் திறக்கும் நேரம் பார்த்து வராது. இரண்டும் சேர்ந்து நடப்பதைக் கவனித்து எழுதினீர்களே, அதுதான் எனக்குக் கிடைத்த மிக நல்ல தகவல்.

ஆக, மூன்று தொல்லைகள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன: பழுதாகிக்கொண்டிருக்கும் டிஸ்க், வேண்டாத கிளீனர்கள், உள்ளே வந்துபோன மோசடிக்காரர். எதை முதலில் தொடுகிறோம் என்பது முக்கியம். வரிசை மாறினால் படங்கள் போய்விடும்.

முதல் வேலை, லேப்டாப்பை இணையத்திலிருந்து பிரித்துவிடுங்கள். வைஃபையை அணைத்தால் போதும். மறுபடி இணைக்க அவசரம் இல்லை. அடுத்தது, உங்கள் போனை எடுத்து மின்னஞ்சல் கடவுச்சொல்லை மாற்றுங்கள். வங்கிக்கு முன்பாக மின்னஞ்சலைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: மற்ற எல்லாக் கணக்குகளின் கடவுச்சொல்லையும் மாற்றும் இணைப்பு மின்னஞ்சலுக்குத்தான் வரும். அப்புறம் வங்கிக் கடவுச்சொல். அவர் உள்ளே இருந்த நேரத்தில் வங்கிப் பக்கம் திறந்திருந்தாலோ, ஓடிபி எதையாவது அவரிடம் சொல்லியிருந்தாலோ, இன்றே வங்கியை அழைத்து நடந்ததைச் சொல்லிவிடுங்கள். எண்ணை உங்கள் அட்டையின் பின்பக்கத்தில் பாருங்கள். இணையத்தில் தேடி எடுக்க வேண்டாம். தேடலில் மேலே வரும் விளம்பரங்களில் போலி எண்களும் வருகின்றன. மின்னஞ்சல் அமைப்புகளில், வரும் கடிதங்களை வேறு முகவரிக்குத் தானாக அனுப்பும் ஏற்பாடு ஏதாவது புதிதாக முளைத்திருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.

இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. இந்த மோசடி பயத்தைத்தான் குறிவைக்கிறது. நன்றாகப் படித்தவர்களும் விழுகிறார்கள். நீங்கள் பணம் கட்டும் முன் துண்டித்துவிட்டீர்கள். திரையை மறைத்த அந்த எச்சரிக்கை வெறும் இணையப் பக்கம்தான். விண்டோஸ் காட்டும் உண்மையான எச்சரிக்கை எதிலும் தொலைபேசி எண் இருக்காது என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. இன்னொரு முறை வந்தால் எஸ்கேப் பட்டனைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்துவிட்டு பிரவுசரை மூடுங்கள். மூட வரவில்லை என்றால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடலாம்.

சரி, இனி படங்கள்.

ஒரு வெளி டிஸ்க் வாங்கிக்கொள்ளுங்கள். லேப்டாப்பை மேசைமேல் அசையாமல் வைத்து, சார்ஜரில் போட்டு, ஆன் செய்து, முழுதாகத் திறந்து அடங்கும்வரை காத்திருங்கள். படங்கள் இருக்கும் ஃபோல்டருக்குள் போனவுடன், மேலே உள்ள ‘வியூ’ பட்டியலில் ‘லிஸ்ட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். சின்னச் சின்னப் படங்களாகக் காட்டும் முறையில் இருந்தால், ஃபோல்டரைத் திறக்கும்போதெல்லாம் அந்தச் சிறு படங்களைத் தயாரிக்க விண்டோஸ் படக் கோப்புகளைப் படிக்கப் போகும். உங்கள் லேப்டாப் அந்த ஃபோல்டரில் உறைவதற்குப் பாதிக் காரணம் அதுவாகவே இருக்கலாம். பெயர்ப் பட்டியலாக மாற்றிவிட்டால் நகலெடுப்பதற்கு மட்டும்தான் டிஸ்க் உழைக்கும். எந்தப் படம் நல்ல படம் என்று திறந்து பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அந்த வேலையைப் பிறகு நகலில் நிதானமாகச் செய்யலாம்.

மொத்தத்தையும் ஒரே இழுப்பில் இழுக்காமல், ஒரு ஃபோல்டர் முடிந்தபின் அடுத்தது என்று எடுங்கள். திரும்பக் கிடைக்கவே கிடைக்காதவை முதலில்: பேரப்பிள்ளைகளின் படங்கள், உங்கள் கடிதங்கள். இணையத்திலிருந்து இறக்கிய படங்கள், பாட்டுகள் எல்லாம் கடைசியில். ஏதாவது ஒரு கோப்பில் நகலெடுப்பு நின்று பிழை காட்டினால் ‘ஸ்கிப்’ கொடுத்துத் தாண்டிப் போங்கள். அந்த ஒரு படத்துக்காக மறுபடி மறுபடி முயன்றால் மற்ற ஆயிரம் படங்களுக்கு ஆபத்து. தாண்டியவற்றின் பெயரைத் தாளில் எழுதிவையுங்கள். மென்பொருள்களின் கோப்புகள் எதையும் எடுக்க வேண்டாம். படங்களும் ஆவணங்களும் மட்டும் போதும்.

இந்த நேரத்தில் பலரும் செய்யும் ஒரு காரியத்தைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ‘டிஸ்கில் பிழை இருக்கிறது, செக் டிஸ்க் ஓட்டுங்கள்’ என்று ஏராளமான வீடியோக்கள் சொல்கின்றன. நல்ல நிலையில் உள்ள டிஸ்கில், மின்சாரம் போய் ஏற்பட்ட கோளாறுக்கு அது சரியான மருந்து. பழுதாகிவரும் டிஸ்கில், மோசமான இடங்களைத் தேடிச் சரிசெய்யும்படி அதை ஓட்டினால் மணிக்கணக்கில் தட்டின் ஒவ்வோர் இடத்தையும் படித்துப் பார்க்கும். உடைந்த இடங்களில் இருந்த கோப்புகளின் அமைப்பையே மாற்றியும் எழுதிவிடும். படங்களை வெளியே எடுக்காமல் அதைத் தொடவே கூடாது. சிதறிய கோப்புகளை ஒழுங்காக அடுக்கும் டீஃப்ராக், முழு வைரஸ் ஸ்கேன் எல்லாமும் அப்படித்தான். டிஸ்குக்கு இன்னும் எவ்வளவு நேரம் மிச்சம் இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. இருக்கிற நேரம் முழுக்கப் படங்களுக்கே போகட்டும்.

சத்தம் பெரிதாகி, ஒரே சீராகத் தட்டத் தொடங்கினாலோ, டிஸ்கையே விண்டோஸ் அடையாளம் காணாமல் போனாலோ உடனே அணைத்துவிடுங்கள். அதற்கு மேல் வீட்டில் செய்ய ஒன்றும் இல்லை. சாதாரணப் பழுது பார்ப்பவரிடமும் அந்த நிலையில் கொடுக்காதீர்கள். தரவு மீட்பதையே தொழிலாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். தூசியில்லாத அறையில் டிஸ்கைத் திறப்பவர்கள். செலவு அதிகம்தான், ஆனால் ஒவ்வொரு முறை ஆன் செய்து பார்க்கும்போதும் அவர்களால் மீட்க முடிவது குறையும். டிஸ்கை ஃப்ரீசரில் வைத்தால் வேலை செய்யும் என்று ஒரு யோசனை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. வேண்டாம். வெளியே எடுத்ததும் வியர்த்து ஈரம் சேரும், இருப்பதும் போய்விடும்.

நகலெடுத்து முடித்தபின் அந்த வெளி டிஸ்கை வேறொரு கணினியில் செருகி, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படங்களைத் திறந்து பாருங்கள். எல்லாம் சரியாகத் திறந்தால் இன்னொரு நகலும் எடுத்துவிடுங்கள்: இரண்டாவது ஒரு டிஸ்கில், அல்லது மகனுக்கு அனுப்பி அவரிடம். ஒரே இடத்தில் இருப்பதைக் காப்பு என்று நான் கணக்கில் வைப்பதில்லை.

இதெல்லாம் முடிந்தபிறகு, என் ஊகம் சரிதானா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அந்த மோசடிக்காரர் காட்டிய ஜன்னல் நினைவிருக்கிறதா? அதன் பெயர் ஈவென்ட் வியூவர். விண்டோஸ் தனக்குள் நடப்பதைக் குறித்துவைக்கும் நாட்குறிப்பு அது. சிவப்பும் மஞ்சளும் புத்தம்புதுக் கணினியிலும் நிறைய இருக்கும். ஏதோ ஒரு சேவை தொடங்கத் தாமதமானது, ஒரு செயலி பாதியில் மூடிக்கொண்டது என்று எல்லாவற்றையும் எழுதிவைக்கும். அதைக் காட்டித்தான் பயமுறுத்துகிறார்கள். ஆனால் உங்களுக்கு வேண்டிய சாட்சியும் அதிலேயே இருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் ஈவென்ட் வியூவரைத் திறந்து, இடப்பக்கம் ‘விண்டோஸ் லாக்ஸ்’, அதற்குள் ‘சிஸ்டம்’ என்று போங்கள். ‘சோர்ஸ்’ என்ற பத்தியில் ‘டிஸ்க்’ என்று இருக்கும் வரிகளை மட்டும் பாருங்கள். பக்கத்தில் ‘ஈவென்ட் ஐடி’ 7 என்று இருந்தால், படிக்க முடியாத இடம் ஒன்று டிஸ்கில் இருக்கிறது என்று பொருள். 153 என்றால் ஒரு வேலையை மறுபடி முயல வேண்டியதாயிற்று என்று பொருள். எப்போதோ ஒரு 153 வந்திருந்தால் பொருட்படுத்த வேண்டாம். உங்கள் லேப்டாப் உறைந்த அதே நாள், அதே நேரத்தில் வரிசையாக 7 வந்திருந்தால் விஷயம் முடிந்தது. அந்தப் பக்கத்தைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும்.

இன்னும் எளிதாக வேண்டுமென்றால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியில் டிஸ்கைச் சொடுக்கினால், பதில் தர அது எடுக்கும் சராசரி நேரம் மில்லி நொடியில் தெரியும். பெரிய வேலை எதுவும் ஓடாதபோதே அது ஆயிரக்கணக்கில் ஏறி, பயன்பாடு 100 சதவீதத்தில் நின்று, உண்மையில் படிக்கும் வேகம் மட்டும் அற்பமாக இருந்தால் டிஸ்க் திணறுகிறது. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளும் டிஸ்கின் சொந்தப் பதிவுகளைப் படித்து நிறத்தில் காட்டும். மஞ்சளோ சிவப்போ காட்டினால் நம்புங்கள். அது நீலம் காட்டுகிறது என்பதற்காக மட்டும், மற்ற அறிகுறிகளை ஒதுக்கிவிடாதீர்கள்.

கிளீனர்களைப் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. விண்டோஸுக்கு அவை தேவையில்லை. விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேர்த்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்யும் மென்பொருள்களை மைக்ரோசாஃப்ட் ஆதரிப்பதும் இல்லை. அவை திணறும் டிஸ்கில் ஓயாமல் எதையோ தேடிக்கொண்டிருந்ததால்தான் உங்களுக்கு நிலைமை இன்னும் மோசமானது. எப்படியும் புது டிஸ்கில் புதிதாக விண்டோஸ் போடும்போது கிளீனர்கள், மோசடிக்காரர் போடச் சொன்ன மென்பொருள், அவர் வேறு ஏதாவது விட்டுப்போயிருந்தால் அது, எல்லாம் ஒரே அடியாகப் போய்விடும். உங்களைப் பொறுத்தவரை தனியாக எதையும் நீக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஆமாம், நான் பரிந்துரைப்பது டிஸ்கை மாற்றுவதைத்தான். சுழலும் டிஸ்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. அதில் அசையும் பாகமே இல்லை. சுழலும் டிஸ்க் சிதறிக் கிடக்கும் சின்னக் கோப்புகளை நொடிக்கு நூறு அளவில்தான் எட்டிப் பிடிக்கும், எஸ்.எஸ்.டி. ஆயிரக்கணக்கில் பிடிக்கும். பத்து நிமிடம் ஆன் ஆகும் லேப்டாப் ஒரு நிமிடத்துக்குள் எழுவதை நீங்களே பார்ப்பீர்கள். ராம் 4 ஜிபி மட்டும் இருந்தால் அதையும் 8 ஆக்கச் சொல்லுங்கள். விண்டோஸ் உரிமம் லேப்டாப்பின் மதர்போர்டோடு சேர்ந்தது என்பதால், டிஸ்கை மாற்றினாலும் பெரும்பாலும் மறுபடி வாங்க வேண்டியிருக்காது. ‘புது விண்டோஸுக்குத் தனிக் கட்டணம்’ என்று யாராவது சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

ஒரு யோசனை மட்டும் முன்கூட்டியே வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ ஆன ப்ராசசரும் தேவை. ஆறு வருட லேப்டாப் பெரும்பாலும் இதில் தேறிவிடும். தேறினால் புது டிஸ்கில் நேராக 11 போடச் சொல்லுங்கள். தேறாவிட்டால், நீங்கள் வங்கிக் கணக்கும் அதில் பார்ப்பதால், பணத்தைப் பழைய லேப்டாப்பில் போடும் முன் வேறு ஒன்று வாங்குவதையும் சேர்த்து யோசியுங்கள்.

டிஸ்க் மாற்றும் வேலையை நீங்களே செய்யலாமா? படங்களை எடுப்பது, சோதித்துப் பார்ப்பது, கடவுச்சொல் மாற்றுவது இவற்றைக் கட்டாயம் நீங்களேதான் செய்ய வேண்டும்; உங்களைவிட அக்கறையாக வேறு யாரும் செய்ய மாட்டார்கள். லேப்டாப்பைத் திறப்பது மட்டும் தெரிந்தவர் கையால் நடக்கட்டும். பின்மூடியின் கொக்கிகளும் கீபோர்டின் மெல்லிய நாடாக் கம்பியும் பழக்கமில்லாத கையில் உடையும். டச்பேடு மேலே தூக்கிக்கொண்டோ மூடி உப்பியோ இருந்தால் மட்டும் சொல்லுங்கள்: அது பேட்டரி வீங்கியதன் அடையாளம், சார்ஜ் போடுவதையே நிறுத்த வேண்டும்.

யாரிடம் கொடுத்தாலும் நடந்ததை எழுதிக் கொடுங்கள். ‘ரொம்ப ஸ்லோ, பார்த்துச் சரி பண்ணுங்க’ என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால் ஃபார்மட்தான் கிடைக்கும், ஏனென்றால் மெதுவாக ஓடும் கணினிக்குக் கைக்கு வரும் முதல் வைத்தியம் அது. இப்படி எழுதுங்கள்:

‘சில வாரங்களாக ஆன் ஆகப் பத்து நிமிடம் ஆகிறது. படங்கள் ஃபோல்டரைத் திறந்தால் உறைகிறது, அதே நேரம் டிக் டிக் சத்தம். ஈவென்ட் வியூவரில் டிஸ்க், ஐடி 7 வந்திருக்கிறது, படம் இணைத்திருக்கிறேன். இரண்டு கிளீனர் போட்டேன், பலன் இல்லை. வெளியாள் ஒருவர் தொலைவிலிருந்து உள்ளே வந்திருக்கிறார். படங்களை நகலெடுத்துவிட்டேன். டிஸ்கைச் சோதித்து, பழுதென்றால் எஸ்.எஸ்.டி. போட்டு, விண்டோஸைப் புதிதாக நிறுவித் தர வேண்டும். பழைய டிஸ்க் எனக்குத் திரும்ப வேண்டும்.’

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். லேப்டாப்பின் அடியில் உள்ள மாடல் எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதைப் படித்ததும் எதிரில் இருப்பவர் கேட்கும் கேள்வியே மாறும். சோதிக்க எவ்வளவு, மாற்ற எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டு, எழுதி வாங்குங்கள். நீங்கள் சரி சொல்லாமல் எதையும் அழிக்கக் கூடாது என்றும் சொல்லிவிடுங்கள்.

தயாரித்த நிறுவனத்தின் உதவி மையத்தை அழைப்பதானால், எண்ணை லேப்டாப்போடு வந்த தாளிலோ நிறுவனத்தின் சொந்தத் தளத்திலோ எடுங்கள். அணைத்து ஆன் செய்யுங்கள் என்றுதான் தொடங்குவார்கள். ஒரு பட்டியலை வரிசையாகக் கேட்டாக வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இருக்கிறது. கோபப்படாமல் கூடவே போய்விட்டால் அடுத்த நிலையில் இருப்பவரிடம் சீக்கிரம் போகலாம். புகார் எண்ணைக் கேட்டு, தேதியோடு குறித்துவையுங்கள்.

கொடுக்கும் முன் பிரவுசரில் மின்னஞ்சல், வங்கி எல்லாவற்றிலிருந்தும் வெளியேறி, சேமித்த கடவுச்சொற்களை நீக்கிவிடுங்கள். இது அளவுக்கு மீறிய சந்தேகம் இல்லை. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழுது பார்க்கும் இடங்களுக்குக் கணினிகளைக் கொடுத்துச் சோதித்தபோது, ஆறு இடங்களில் வாடிக்கையாளரின் சொந்தக் கோப்புகளைத் திறந்து பார்த்திருந்தார்கள். அவற்றில் இரண்டில் நகலும் எடுத்திருந்தார்கள். டிஸ்க் மாற்றுபவருக்கு உங்கள் மின்னஞ்சல் கடவுச்சொல் எதற்கும் தேவையில்லை. டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் வசதி, மீட்பு எண் என்று 48 இலக்கம் கேட்டு நின்றால், அந்த எண் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். போனிலிருந்து உள்ளே போய் எடுக்கலாம்.

தொலைவிலிருந்து உதவுவதே தவறு என்று நினைத்துவிட வேண்டாம். மகன் உங்களுக்கு அப்படி உதவலாம். விண்டோஸிலேயே ‘குயிக் அசிஸ்ட்’ என்று இருக்கிறது. அவர் தரும் எண்ணை நீங்கள் தட்டி, திரையைக் காட்டச் சம்மதம் கொடுத்தால்தான் உள்ளே வர முடியும். யார் யாரை அழைத்தார்கள் என்பதைப் பாருங்கள். நீங்களாக, நம்பும் ஒருவரைக் கூப்பிட்டால் சரி. திரையில் முளைத்த எண்ணோ, தானாக வந்த அழைப்போ என்றால் பேச்சே வேண்டாம். இணைப்பு இருக்கும்வரை திரைமுன்னே உட்கார்ந்திருங்கள், அந்த நேரத்தில் வங்கிப் பக்கத்தைத் திறக்காதீர்கள்.

லேப்டாப் திரும்பி வந்ததும் படங்களை வெளி டிஸ்கிலிருந்து உள்ளே நகலெடுங்கள். வெட்டி ஒட்ட வேண்டாம், வெளி டிஸ்கில் உள்ளது அங்கேயே இருக்கட்டும். ‘ஸ்கிப்’ கொடுத்த கோப்புகளின் பட்டியலைப் பாருங்கள். அதில் விட முடியாத படம் ஏதாவது இருந்தால், அதே படம் மகனின் போனில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அங்கும் இல்லை என்றால்தான் தரவு மீட்பவர்களுக்கு வேலை. பழைய டிஸ்கைத் திருப்பிக் கேட்கச் சொன்னது அதற்காகத்தான்.